அப்பாவின் தாகமும் 6.3 என்ற எண்ணும்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை ராத்திரி. மறுநாள் செவ்வாய், அப்பாவுக்கு டயாலிசிஸ். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் இடையில் வருகிற நீண்ட இடைவெளியின் கடைசி ராத்திரி அது. பதினொரு மணி இருக்கும். அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். விளக்குப் போடாமல் மண்பானைக்குப் பக்கத்தில் நின்று அப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சிறுநீரகம் நின்றுபோனவருக்குக் குடித்த தண்ணீர் வெளியே போகாது, அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பில் எடையாக நிற்கும். நான் டம்ளரைப் பிடுங்கினேன். வாங்கினேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். "நாளைக்கு நாலு கிலோ ஏறிப் போய் நிக்கப் போறீங்களாப்பா?" என்றேன். "நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது பாப்பா. சுகர் ஏறினா எனக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார். "சுகரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. 6.3. ரிப்போர்ட்டை நீங்களும்தானே பார்த்தீங்க?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டி நுனியில் வாயைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

அந்த ராத்திரியை ஒரு வருஷமாக மனசிலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. அவர் சொன்னது சரி. நான் கையில் வைத்திருந்த எண்தான் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. எண்ணில் தப்பு இல்லை, லேபில் தப்பு இல்லை, மெஷினும் பழுதில்லை. அப்பாவின் ரத்தமே மாறிப்போயிருந்தது. சிறுநீரகம் கெட்டால் யூரியாவும் கிரியேட்டினினும் ஏறும் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் இரண்டையும் சேர்த்து "உப்பு கூடிப்போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். ரத்தத்தில் உள்ள புரதங்களே உருமாறும், அந்தப் புரதங்களை வைத்துச் சொல்லும் கணக்குகளும் கூடவே மாறும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

6.3 என்பது மூன்று மாத சர்க்கரை என்று எல்லோரும் சொல்கிற ஏ1சி. இருபத்து மூன்று வருஷ சர்க்கரை அப்பாவுக்கு. அதில் ஒரு தடவைகூட ஏ1சி 7.5க்குக் கீழே இறங்கியதில்லை. டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்கு முன்னால், தை மாதத்தில் 7.8. ஆனி கடைசியில் 6.3. அம்மா அன்றைக்கு அத்தைக்கும் சித்திக்கும் போன் போட்டுச் சொன்னாள். சர்க்கரை டாக்டர் இன்சுலினை இன்னும் நான்கு யூனிட் குறைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த எண்ணை நம்புவதற்குக் காரணம் இருந்தது. இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றும் வேலையில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது படுத்துவிட்டால் ஊசியில் போட்ட இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். பட்டினி நேரத்தில் உடம்புக்குச் சர்க்கரை தயாரித்துக் கொடுப்பதிலும் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு, அதுவும் குறைந்துபோகும். போதாததற்கு சாப்பாடும் பாதியாகிவிடுகிறது. அதனால் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகு சர்க்கரை தானாகவே இறங்கும், இன்சுலின் தேவை குறையும், சிலருக்கு மருந்தே வேண்டியிராது. அப்பாவுக்கும் அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். நடக்கக்கூடிய ஒன்று நடந்ததாகக் காட்டிய எண், அதனால் யாரும் அதை இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

இரண்டு கணக்கு

அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். டயாலிசிஸ் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு நீள நோட்டு போட்டிருக்கிறார். இடது பக்கம் போகும்போது எடை, வரும்போது எடை, ரத்த அழுத்தம். வலது பக்கம் வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சுகர். அந்த ஆடி மாதப் பக்கம் இப்போதும் என் முன்னால் இருக்கிறது. 188, 231, 204, 176, 219. ஏ1சி 6.3 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 134 என்று அர்த்தம், லேப் ரிப்போர்ட்டிலேயே கீழே போட்டிருந்தார்கள். அப்பாவின் நோட்டில் அந்த மாதச் சராசரி 196. சாப்பிட்ட பிறகு பார்த்தவைதான் அதில் அதிகம், அதைக் கழித்துக்கொண்டாலும் 134க்கும் 196க்கும் இடையில் உள்ள தூரம் சின்னதில்லை.

இதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன், பார்த்துவிட்டு நோட்டைத்தான் சந்தேகப்பட்டேன். ஸ்ட்ரிப் டப்பாவை மாற்றினேன். கை கழுவாமல் குத்துகிறீர்களா என்று கேட்டேன். ரத்த சோகை இருப்பவர்களுக்குச் சில குளுக்கோமீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அது உண்மையும்கூட. ரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால் ஸ்ட்ரிப்பில் விழும் சொட்டில் நீர்ப்பகுதி அதிகம், அளவு ஏறித் தெரியும். அந்த ஒரு துண்டு அறிவை வைத்துக்கொண்டு அப்பாவின் நோட்டை முழுதாக ஒதுக்கிவிட்டேன். ரத்த சோகை விரல்நுனிக் கணக்கை இடறிவிடும் என்று யோசிக்கத் தெரிந்த எனக்கு, அதே ரத்த சோகையும் அதற்கான வைத்தியமும் ஏ1சியை இன்னும் பலமாக இடறிவிடும் என்று தோன்றவில்லை. பெரிய லேபின் முத்திரை குத்திய காகிதத்துக்கும் கோடு போட்ட நோட்டுக்கும் இடையில் நான் காகிதத்தின் பக்கம் நின்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா 3.8 கிலோ ஏறியிருந்தார். டயாலிசிஸ் பிரிவில் அன்றைக்குப் பணியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். தண்ணீரைக் குறைக்கச் சொல்லித் திட்டுவார் என்று எதிர்பார்த்து, அதற்கு முன்னாலேயே நான் புகார் சொல்ல ஆரம்பித்தேன். சுகர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, ஆனாலும் ராத்திரியில் எழுந்து குடிக்கிறார் என்றேன். அவர் ரிப்போர்ட்டைக் கேட்டார். அப்புறம் அப்பாவின் நோட்டைக் கேட்டார். இரண்டையும் படுக்கையின் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சுகரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஐயா, ரத்தம் ஏத்தினீங்களா? எப்போ?" என்றார். சித்திரையில் இரண்டு யூனிட் என்றார் அப்பா. "ரத்தம் ஊற ஊசி எப்போலேர்ந்து போடுறோம்?" அதுவும் சித்திரையிலிருந்துதான். எரித்ரோபொய்டின், ஒவ்வொரு டயாலிசிஸ் நாளிலும் ஒன்று, கூடவே இரும்புச்சத்து ஊசி. ஹீமோகுளோபின் அப்போது 7.4, இப்போது 10.6. டாக்டர் நோட்டில் சித்திரைப் பக்கத்தைத் திருப்பி, அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"இந்த ஏ1சில உங்க சுகர் மட்டும் இல்லீங்கய்யா. உங்க சிவப்பணுக்களோட வயசும் இருக்கு" என்றார்.

அப்பா கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலாவில் குத்திய ஊசியோடு, அசையாமல் இருந்தது. பிறகு சொன்னார்: "போன மாசம் வேலைக்குச் சேர்ந்தவனோட சர்வீஸ் புக்கை எடுத்து வச்சிக்கிட்டு, இந்த ஆபீஸ்ல யாரும் லீவே எடுக்கிறதில்லைன்னு சொல்ற மாதிரி."

டாக்டர் சிரித்துவிட்டு, நேரத்தை வீணாக்காமல் டயாலிசிஸ் குழாயிலிருந்து ஒரு மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினார். அதே நேரத்தில் எங்கள் குளுக்கோமீட்டரிலும் பார்க்கச் சொன்னார். லேப் 226, மீட்டர் 238. நான் சந்தேகப்பட்ட அந்த இடறல் இருந்தது, ஆனால் பன்னிரண்டு புள்ளிதான்.

சிவப்பணுவின் வயசு

அப்பா சொன்ன உவமையைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் உள்ளே நடப்பதை எழுத வேண்டும். சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். எந்த நொதியின் உதவியும் வேண்டாம், ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை மிதக்கிறதோ அதற்குத் தகுந்தபடி, மெல்ல மெல்ல, அணுவின் ஆயுள் முழுவதும் ஒட்டும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியின் தொடக்க முனையில் வாலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அங்கே சர்க்கரை உட்கார்ந்துவிட்ட ஹீமோகுளோபினுக்குத்தான் ஏ1சி என்று பெயர். 1968ல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ராபார், சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு ஹீமோகுளோபினைக் கண்டது இதைத்தான். 1976ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அந்தோணி செராமியும் கூட்டாளிகளும் இதை வைத்துச் சர்க்கரைக் கட்டுப்பாட்டை அளக்கலாம் என்று காட்டினார்கள். இந்தக் கணக்கு முழுக்க ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதனால்தான் அதற்கு "மூன்று மாத சர்க்கரை" என்று பெயர்.

சிறுநீரகம் கெட்ட உடம்பில் அந்த 120 நாள் கிடையாது. கழிவுகள் தேங்கிய ரத்தத்தில் அணுக்கள் சீக்கிரமே மடிகின்றன. டயாலிசிஸ் ஊசியிலும் குழாயிலும் கொஞ்சம் ரத்தம் ஒவ்வொரு தடவையும் போகிறது. சிறுநீரகம் சுரக்க வேண்டிய எரித்ரோபொய்டின் சுரக்காததால் அதை ஊசியாகப் போடுகிறோம், எலும்பு மஜ்ஜை புது அணுக்களைக் கும்பல் கும்பலாக வெளியே அனுப்புகிறது. அந்தப் புது அணுக்களுக்குச் சர்க்கரையோடு பழக நேரமே கிடைத்திருக்காது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ1சி கொஞ்சம் ஏறித் தெரியும், இரும்பு கொடுத்ததும் அந்த ஏற்றமும் இறங்கிவிடும். ஏற்றிய ரத்தமோ வேறு யாருடையதோ, அவருடைய சர்க்கரையின் கதையைச் சுமந்துகொண்டு வந்தது. அப்பாவுக்கு இத்தனையும் ஒரே பருவத்தில் நடந்தன. இத்தனையும் ஒரே பக்கமாக, கீழ்நோக்கி இழுத்தன. உலக அளவில் சிறுநீரக நோய்க்கு வழிகாட்டுதல் தருகிற கேடிஐஜிஓ அமைப்பு 2020லேயே, முற்றிய சிறுநீரக நோயில், அதுவும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, ஏ1சியின் நம்பகம் குறைவு என்று எழுதி வைத்திருக்கிறது. மூன்று வரியில் இருக்கிற அந்த விஷயம் மன்னார்குடியில் ஒரு வீட்டுக்கு வந்து சேரவில்லை. ரிப்போர்ட்டில் சராசரி சர்க்கரையை அச்சடிக்க இடம் இருக்கிறது. இதை அச்சடிக்கவும் ஒரு வரி இடம் இருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

யூரியா துண்டு போட்டுப் பிடிக்கும் இடம்

அதற்குப் பிறகு படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஏ1சி ஒரு சின்ன மூலை என்று தெரிந்தது. பிளஸ் டூ வேதியியலில் எல்லோரும் படித்திருப்போம், 1828ல் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியா தயாரித்தார் என்று. ஒரு மார்க் கேள்வியாக நான் எழுதிய அந்த வினை பின்பக்கமாகவும் ஓடும். ரத்தத்தில் உள்ள யூரியாவில் மிகச் சிறிய பங்கு எப்போதும் சயனேட்டாக மாறிக்கொண்டே இருக்கிறது. நமக்கெல்லாம் யூரியா முப்பது, நாற்பதுக்குள் இருக்கும், அதனால் அது பெரிய விஷயமில்லை. அப்பாவுக்கு டயாலிசிஸுக்கு முந்தைய யூரியா 140. அந்தச் சயனேட் போய்ப் புரதங்களின் மேல் ஒட்டுகிறது. இதற்குக் கார்பமைலேஷன் என்று பெயர். ஹீமோகுளோபினில் அது உட்காரும் இடங்களில் ஒன்று எது தெரியுமா? அதே வாலின். சர்க்கரை உட்கார வேண்டிய அதே இருக்கையில் யூரியாவின் பிள்ளை துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது.

இப்படி உருமாறிய ஹீமோகுளோபினின் மின்னேற்றம் ஏ1சியைப் போலவே இருப்பதால், மின்னேற்றத்தை வைத்துப் பிரிக்கும் பழைய மெஷின்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணின. யூரியா ஏறியவர்களுக்குச் சர்க்கரையும் ஏறியதாகக் காட்டின. இந்தக் குழப்பத்தை 1981லேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். இப்போதைய முறைகள் பெரும்பாலும் இதில் ஏமாறுவதில்லை. அந்தக் காலத்தில் எத்தனை பேரைத் தேவையில்லாமல் "வாயைக் கட்டுங்கள்" என்று திட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நேர்ந்தது அதற்கு எதிர்ப்பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏ1சியை அளவுகோலாக்கிய அதே செராமி, 1971ல் ஜேம்ஸ் மேனிங்கோடு சேர்ந்து இதே சயனேட்டை மருந்தாக முன்வைத்தார் என்பதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரிவாள் அணுச் சோகை உள்ளவர்களின் ஹீமோகுளோபினைச் சயனேட்டால் மாற்றினால் அணுக்கள் அரிவாளாக வளைவது குறையும் என்று சோதனைக்குழாயில் தெரிந்தது. நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். நரம்பு மரத்துப்போனது, கண்ணில் புரை விழுந்தது, நிறுத்திவிட்டார்கள். மருந்தாகக் கொடுத்தால் நரம்பையும் கண்ணையும் தாக்குகிற ஒன்று, சிறுநீரக நோயாளியின் ரத்தத்தில் சொட்டுச் சொட்டாக வருஷக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கிறது.

ரத்தத்தில் மிதக்கும் முக்கியப் புரதமான ஆல்புமினும் தப்புவதில்லை. அதன் அரை ஆயுள் சுமார் மூன்று வாரம். அந்த நாட்களில் அது எவ்வளவு யூரியாவைச் சந்தித்ததோ அதற்கேற்பச் சயனேட் அதில் ஒட்டியிருக்கும். சர்க்கரைக்கு ஏ1சி எப்படியோ, யூரியாவுக்கு இது அப்படி. 2013ல் ஆண்டர்ஸ் பெர்க்கும் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எஸ். அனந்த் கருமாஞ்சியும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இப்படி உருமாறிய ஆல்புமின் அதிகம் இருந்த டயாலிசிஸ் நோயாளிகளிடம் இறப்பு அதிகம் என்று கண்டார்கள். ரத்தத்தில் அமினோ அமிலங்கள் குறைந்தவர்களிடம் இந்த உருமாற்றம் அதிகமாக இருந்தது என்பதுதான் என்னை அதில் நிறுத்தியது. தனி அமினோ அமிலங்கள் இருந்தால் சயனேட் அவற்றின் மேல் போய் ஒட்டும், ஆல்புமின் கொஞ்சம் தப்பிக்கும். அப்பா முட்டையின் வெள்ளைக்கருவைச் சாப்பிட மறுக்கும் ஒவ்வொரு காலையிலும் இது என் ஞாபகத்துக்கு வருகிறது. வெள்ளைக்கருவே இதைத் தடுத்துவிடும் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை, அதனால் அவரிடம் அப்படிச் சொல்வதில்லை. டாக்டர் சாப்பிடச் சொன்னார் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆல்புமினில் சர்க்கரையும் ஒட்டும். அதை அளந்தால் இரண்டு மூன்று வாரச் சர்க்கரை தெரியும், சிவப்பணுவின் வயசு குறுக்கே வராது. ஜப்பானில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்தச் சோதனையையே அதிகம் நம்புகிறார்கள். சிறுநீரில் புரதம் நிறையப் போகிறவர்களுக்கு அதுவும் இறங்கிக் காட்டும், ஏனென்றால் சர்க்கரை ஒட்டுவதற்கு நேரமில்லாமல் ஆல்புமின் வெளியே போய்விடுகிறது. இதைப் படித்த அன்று கொஞ்சம் சோர்வாக இருந்தது. எதைப் பிடித்தாலும் அந்த நோய் அதற்குள்ளும் கை வைத்திருக்கிறது.

தாகம்

நமக்குச் சர்க்கரை ஏறினால் சிறுநீரில் போகும், அடிக்கடி எழுந்து போவோம், அதனால் தாகம் எடுக்கும். அப்பாவுக்கு ஒரு நாளைக்குச் சிறுநீர் 200 மில்லி வந்தால் அதிகம். ஏறிய சர்க்கரைக்கு வெளியேற வழி இல்லை. அது ரத்தத்திலேயே நின்று, உடம்பின் உயிரணுக்களிலிருந்து தண்ணீரை இழுக்கிறது, மூளை தாகம் தாகம் என்கிறது. குடித்த தண்ணீருக்கும் வெளியேற வழி இல்லை, எடையாக நிற்கிறது. எழுந்து எழுந்து போவது என்ற அறிகுறி அவருக்கு இல்லாமல் போனதால், தாகம் ஒன்றுதான் அவர் உடம்பு எங்களுக்குச் சொல்ல மிச்சமிருந்த ஒரே வழி. அதை அவர் வாய்விட்டும் சொன்னார். இருபத்து மூன்று வருஷம் அந்தச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்தியவர், அதன் காலடிச் சத்தம் அவருக்குத் தெரியாதா?

சர்க்கரை டாக்டரும் சிறுநீரக டாக்டரும் பேசி, இன்சுலினை ஒவ்வொரு யூனிட்டாக ஏற்றினார்கள். அவசரப்படவில்லை, தாழ்சர்க்கரை வந்துவிடும் பயம் இருந்தது. ஒரு விடியற்காலையில் 68 வந்து எல்லோரும் பதறினோம். ஆறு வாரத்தில் நீண்ட இடைவெளியின் எடை ஏற்றம் 2.4 கிலோவுக்கு வந்தது. இடையில் ஊறுகாயையும் அப்பளத்தையும் அம்மா நிறுத்தியிருந்தாள், அதனால் எவ்வளவு, சர்க்கரையால் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் ராத்திரியில் அடுப்படிச் சத்தம் நின்றது.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், காரில், நீடாமங்கலம் தாண்டியதும். "டம்ளரைப் பிடுங்கினதுக்கா? அதை விடு. 6.3ன்னு நீ சொன்னப்ப நானும் நம்பினேனே. எனக்குத்தான் ஏதோ கெட்ட பழக்கம்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். நான் பிடுங்கியதைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் வலித்தது.

ஐப்பசியில் அடுத்த ஏ1சி வந்தது. 5.9. ரிப்போர்ட் கொடுத்த பையன் "சூப்பர் ஐயா" என்றான். அப்பா அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தார். 5.9 என்று எழுதி, பக்கத்தில் அன்றைய ஹீமோகுளோபினையும் அந்த மாதம் போட்ட ஊசிகளின் எண்ணிக்கையையும் எழுதினார். கடைசியாகச் சிவப்பு மையில், தணிக்கைக் குறிப்பு எழுதுகிற அந்தச் சாய்ந்த கையெழுத்தில், "புது ஆட்கள்" என்று எழுதி அடிக்கோடிட்டார். அப்புறம் வலது பக்கத்துக்குப் போனார். காலை 142. மதியம் 168. தாகம்: இல்லை.